ழான் ரோலன்: ஒரே கடற்கரைக்குத் திரும்பத் திரும்பப் போன பேய்ப்பட இயக்குநர்

#1 | மாலைக்காட்சி

வணக்கம் நண்பர்களே. மூன்று மாதமாக ஒரே ஆளின் படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். "மறுபடியும் அந்தக் கல்லறைக்காரனா?" என்று வீட்டில் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டது. அந்தக் கல்லறைக்காரர் ழான் ரோலன். 1938இல் பாரிஸை ஒட்டிய நெய்யி-சுர்-சேனில் பிறந்து 2010 டிசம்பரில் பாரிஸில் இறந்த பிரெஞ்சு இயக்குநர். ரத்தக்காட்டேரிப் படங்கள் எடுத்தவர் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்த வரி போதவில்லை.

முதலில் பார்த்தது 1973இல் வந்த 'இரும்பு ரோஜா' (பிரெஞ்சில் 'லா ரோஸ் த ஃபேர்'). இதில் காட்டேரியே கிடையாது. ஓர் ஆணும் பெண்ணும் ஒரு பெரிய கல்லறைத் தோட்டத்துக்குள் போகிறார்கள், இருட்டிவிடுகிறது, வெளியே வர வழி தெரியவில்லை. கதை அவ்வளவுதான். யாரும் துரத்துவதில்லை. போகப் போக அந்தப் பெண்ணுக்கு வெளியே வரவேண்டும் என்ற எண்ணமே போய்விடுகிறது. எனக்கு நடுமுதுகு சில்லிட்டது அந்த இடத்தில்தான்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். நான்காவது படத்தில் ஒரு விஷயம் உறைத்தது. எல்லாவற்றிலும் ஒரே கடற்கரை. கூழாங்கற்கள், வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைச் செங்குத்து, கடலுக்குள் வரிசையாக இறங்கும் கறுத்த மரக் கம்பங்கள். நார்மண்டியில் தியெப் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள பூர்வில் என்ற ஊராம். 1958இல், 20 வயதில், 'மஞ்சள் காதல்கள்' என்ற தன் முதல் குறும்படத்தை அங்கே எடுத்திருக்கிறார். 1968இல் வந்த முதல் முழுநீளப் படத்திலும் அதே கரை. 1970, 1971, 1973, 1975 என்று போய், 2002இல் வந்த 'டிராகுலாவின் மணமகள்' வரைக்கும் அதே கரை.

என் கேள்வி இதுதான். நாற்பது வருடத்துக்கும் மேலாக ஒருவர் ஒரே இடத்துக்குக் கேமராவோடு போய்க்கொண்டிருந்தால் அது சோம்பலா, காசில்லாமையா, பித்தா? இவரை நல்ல இயக்குநர் என்று சொல்ல எனக்கு ஆசை, ஆனால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பார்த்தவர்கள் பேசுங்கள்.

(படப் பெயர்களை என் போக்கில் தமிழாக்கி இருக்கிறேன். பிரெஞ்சை அப்படியே எழுதினால் பல் உடையும். தேடுகிறவர்கள் ஆண்டை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.)

#2 | கொட்டாவி_ரசிகன்

பித்து என்று சொன்னால் பெருமையாக இருக்கும் என்பதால் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நான் இரண்டு படம் பார்த்தேன், இரண்டிலும் தூங்கினேன். நடிகர்கள் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நிற்கிறார்கள். காட்டேரிப் பல்லைப் பார்த்தால் திருவிழாக் கடையில் வாங்கியது போல இருக்கிறது. யாராவது ஒருவர் மெதுவாக நடந்து போவார், கேமரா அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும், அவர் திரும்பி வருவார், அப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும்.

பயமே வராத பேய்ப்படத்துக்கு இத்தனை விளக்கம் எதற்கு?

#3 | அரைடிக்கெட்

நானும் ஒன்று பார்த்தேன் அண்ணே. ஏரிக்குள்ளிருந்து பச்சை முக நாஜிப் பிணங்கள் எழுந்து வரும். தண்ணீருக்கு அடியில் எடுத்த காட்சியில் நீச்சல்குளத்துச் சுவர் தெரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தோம். இதுதான் ரோலன் என்றால் எனக்கு வேண்டாம். வேறு எதிலிருந்தாவது தொடங்கலாமா?

இன்னொன்று, எழுத்தாளர் ஜார்ஜ் பத்தாயின் மகன் இவர் என்று ஓரிடத்தில் படித்தேன். உண்மையா?

#4 | பழையபடப்பெட்டி

தம்பி, பத்தாய் அவருடைய அப்பா இல்லை. அப்பா கிளோத் மார்த்தான் என்ற பெயரில் நாடக மேடையில் இருந்தவர். அம்மா தெனீஸ். அவருக்கும் பத்தாய்க்கும் போர்க்கால ஆண்டுகளில் உறவு இருந்தது, ரோலன் அப்போது சின்னப் பையன். பத்தாய் தனக்குத் தூங்கும் முன் கதை சொல்வார் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சிறுபத்திரிகை வாசகர்களுக்குத் தெரியும், பத்தாய் எழுதியதெல்லாம் எந்தக் குழந்தைக்கும் சொல்லக்கூடியதல்ல. அந்த மனுஷன் கட்டிலோரம் உட்கார்ந்து கதை சொன்னால் பிள்ளை கல்லறையில் போய்ப் படம் எடுக்காமல் என்ன செய்யும்!

அந்த ஏரிப் படம் 1981இல் வந்தது. அதை வைத்து அவரை எடைபோடக் கூடாது. ஸ்பானிய இயக்குநர் ஹெஸ் ஃப்ராங்கோ எடுக்க வேண்டிய படம். அவர் வராமல் போகவே தயாரிப்புக் கம்பெனி கடைசி நேரத்தில் ரோலனைக் கூப்பிட்டது. அவரும் ஜே. ஏ. லேசர் என்ற பொய்ப் பெயரில் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அதில் தன் பெயர் வேண்டாம் என்று நினைத்ததே அவருடைய ரசனைக்குச் சான்று.

உண்மையான தொடக்கம் 1968. அந்தக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு பழைய அமெரிக்கக் காட்டேரிப் படத்தைப் பாரிஸில் வெளியிட நினைத்தார்கள். ஒரு மணி நேரம்தான் ஓடும், அதோடு சேர்த்துக் காட்ட இன்னொரு துண்டு வேண்டும். ரோலனிடம் ஒரு குறும்படம் கேட்டார்கள், எடுத்தார். அதைப் பார்த்த தயாரிப்பாளர் சாம் செல்ஸ்கி, முழுநீளப் படமாக்கிவிடலாமே என்றார். ஒரு சின்னச் சிக்கல், முதல் பாதியில் பாத்திரங்களெல்லாம் செத்துவிட்டார்கள். சரி, காட்டேரிகள்தானே என்று எழுப்பிவிட்டு 'காட்டேரிகளின் ராணி' என்று இரண்டாம் பாகத்தை ஒட்டினார். கறுப்பு வெள்ளைப் படம். ஏன் எழுந்தார்கள், யார் யாருக்கு எதிரி, ஒன்றும் பிடிபடாது.

வெளியான நேரம் 1968 மே மாதக் கடைசி. பாரிஸ் தெருக்களில் மாணவர்கள், எங்கே பார்த்தாலும் வேலைநிறுத்தம், புதுப்படங்கள் வருவது நின்றுபோயிருந்தது. இது மட்டும் வந்தது. வேறு படம் இல்லாததால் கூட்டம் அலைமோதியது. வந்த கூட்டம் திரையை நோக்கிக் கையில் கிடைத்ததை வீசியது. ரோலன் சினிமாவையே விட்டுவிடலாம் என்று நினைத்தாராம். ஆனால் ரகளை ஆன படத்தை எல்லோரும் பார்க்கத்தானே செய்வார்கள்? அடுத்த படத்துக்குக் காசு கிடைத்தது. 'நிர்வாணக் காட்டேரி', 1970, கலரில்.

#5 | வெட்டுஒட்டு

நான் எடிட்டிங் வேலை செய்கிறவன். கொட்டாவி ரசிகர் சொன்ன "கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும்" என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஒரு காட்சியைப் பரபரப்பாக வெட்ட வேண்டுமென்றால் அதைப் பல கோணத்தில் எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்கு மாற்ற வேண்டும், நேரம் போகும், ஃபிலிம் போகும். ரோலனிடம் எதுவுமே இல்லை. அதனால் தூரத்தில் கேமராவை வைத்து, ஆள் உள்ளே வருவதிலிருந்து வெளியே போவது வரைக்கும் ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடுகிறார். பட்ஜெட் இல்லாத எல்லோரும் இதைத்தான் செய்வார்கள். ஆனால் மற்றவர்கள் அதை மறைக்கப் பார்ப்பார்கள், சம்பந்தமில்லாத இடத்தில் இசையைக் கூட்டுவார்கள், நடுவில் ஒரு அலறலை வைப்பார்கள். இவர் மறைப்பதில்லை. அந்த நீளத்தையே வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்.

'இரும்பு ரோஜா'வில் இருட்டிய பிறகு இருவரும் நடக்கும் காட்சிகளைப் பாருங்கள். ஒரு பாதை, ஒரு சிலுவை, ஒரு சுவர். கொஞ்ச நேரம் கழித்து அதே மாதிரி ஒரு பாதை, சிலுவை, சுவர். அது முன்பு வந்த இடமா, வேறு இடமா என்று நமக்குத் தெரியாது. விரைவாக வெட்டியிருந்தால் இந்தக் குழப்பம் வராது. அவர்களோடு சேர்ந்து நாமும் தொலைந்துபோவதற்கு அந்த நீளம் தேவைப்படுகிறது.

ஆனால் எல்லாப் படத்திலும் இது பலிக்கிறது என்று சொல்லமாட்டேன். 'நிர்வாணக் காட்டேரி'யில் பல இடங்களில் வெறும் தொய்வுதான். ஒன்றிரண்டு நிமிடம் அங்கங்கே வெட்டியிருந்தால் படம் செத்துப்போயிருக்காது.

#6 | கொட்டாவி_ரசிகன்

பெட்டி சார் கதை சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது. படத்தைவிடப் படம் வந்த கதை நன்றாக இருக்கிறது என்பதுதான் என் பிரச்சினையே. வெட்டுஒட்டு சொல்வது போல, காசில்லாமல் வந்ததை 'அழகியல்' என்று பெயர் மாற்றி விற்கிறோமோ என்று சந்தேகம். நாளைக்கு என் கல்யாண வீடியோவையும் இப்படிப் பாராட்டலாம். அதிலும் எல்லோரும் மெதுவாகத்தான் நடக்கிறார்கள்.

#7 | கடைசிபெஞ்ச்

கல்யாண வீடியோவில் குறைந்தபட்சம் சாப்பாடு உண்டு.

#8 | சுடர்விழி

யாரும் தொடாத ஒன்றை நான் தொடுகிறேன். இந்தப் படங்களில் பெண்கள் எப்போதும் மெல்லிய துணியில் அல்லது துணியே இல்லாமல்தான் இருக்கிறார்கள். இதுவரை ஏழு பதிவு ஓடிவிட்டது, கடற்கரையையும் கேமராவையும் பற்றி எல்லாம் பேசியாயிற்று, இதைத் தவிர.

எனக்கு ரோலன் பிடிக்கும், அதனால்தான் சொல்கிறேன். 1971இல் வந்த 'காட்டேரிக்கு ஓர் இரங்கற்பா' படத்தின் முதல் பாதி எனக்கு மிகப் பிரியமானது. கோமாளி உடையில் இரண்டு பெண்கள் காரில் தப்பி ஓடுகிறார்கள், துப்பாக்கிச் சத்தம், அப்புறம் வயல்கள், ஓர் இடுகாடு, ஒரு சிதைந்த கோட்டை. படத்தின் பாதி வரைக்கும் ஏறக்குறைய வசனமே இல்லை. பழைய மௌனப்படம் பார்ப்பது போல. பிறகு கோட்டைக்குக் கீழே ஒரு நிலவறைக் காட்சி வருகிறது. சங்கிலியில் கட்டிய பெண்கள், அவர்கள் மேல் வன்முறை, அது முடியவே மாட்டேன் என்கிறது. கதைக்கு அது எதற்கும் பயன்படவில்லை. விற்பனைக்காக வைத்தது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. நான் அதை ஓட்டிவிட்டுத்தான் பார்க்கிறேன். 'தயாரிப்பாளர் கேட்டார்' என்று ரசிகர்கள் சொல்லும் சமாதானம் எனக்குப் போதாது. கேமராவுக்குப் பின்னால் நின்றவர் இவர்தான்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இவர் படங்களில் கதையை நகர்த்துவது பெரும்பாலும் பெண்கள்தான், அதுவும் இரண்டிரண்டு பேராக. அவர்களுக்கு இடையே உள்ள விசுவாசம்தான் நெஞ்சில் நிற்கிறது. ஆண்கள் வழிதெரியாமல் முழிப்பவர்கள், அல்லது சாகப்போகிறவர்கள்.

#9 | மாலைக்காட்சி

சுடர்விழி, நீங்கள் சொன்னது சரி. நானும் முதல் பதிவில் அதை நைசாகத் தாண்டிப் போய்விட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அந்த நிலவறைக் காட்சிக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் காசு என்ற விஷயத்தை இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 'இரும்பு ரோஜா'வில் பேருக்குக்கூடக் காட்டேரி வேண்டாம் என்று முடிவுசெய்து, சொந்தப் பணத்தையும் போட்டார். ஏப்ரல் 1973இல் பாரிஸில் நடந்த அதீத சினிமா மாநாட்டில் திரையிட்டபோது வரவேற்பு படுமோசம், வியாபாரமும் படுத்துவிட்டது. அந்த ஆண்டிலேயே மிஷெல் ஜான்தி என்ற வேறு பெயரில் வயது வந்தோருக்கான படங்கள் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

1975இல் 'ரத்த உதடுகள்'. ஒரு விருந்தில் சுவரில் மாட்டியிருக்கும் விளம்பரப் படத்தில் சிதைந்த கோட்டை ஒன்றைப் பார்க்கிறான் நாயகன். சின்ன வயதில் அங்கே ஓர் இரவு தூங்கியதும், வெள்ளை உடையில் ஒரு பெண் தன்னைப் பார்த்துக்கொண்டதும் நினைவுக்கு வருகிறது. அந்தக் கோட்டை எங்கே இருக்கிறது என்று எல்லோரும் சொல்ல மறுக்கிறார்கள். அவருடைய படங்களிலேயே கதை ஒழுங்காக நிற்கும் படம் இதுதான். படப்பிடிப்புக்கு முன் பணம் போடுவதாகச் சொன்ன ஒருவர் விலகிவிட, நாட்களைச் சுருக்கி அவசரமாக எடுத்திருக்கிறார்கள். ஓடவில்லை. கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் படத்தின் காட்சிகளையே எடுத்து, ஆபாசக் காட்சிகளைச் சேர்த்து, வேறொரு படமாக மறுவருடம் வெளியிட்டார்கள். தான் நேசித்த படத்தைத் தன் கையாலேயே வெட்டிக் கெடுக்கும்படி ஆயிற்று.

இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. 'ரத்த உதடுகள்' கடைசிக் காட்சி பூர்வில் கடற்கரை. நாயகனும் அந்த வெள்ளை உடைப் பெண்ணும் ஒரு சவப்பெட்டிக்குள் படுத்துக்கொள்ள, அலை அதைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த ஒரு காட்சிக்காக நான் பத்து மோசமான காட்சிகளை மன்னிப்பேன். கொட்டாவி நண்பர் மன்னிக்கமாட்டார், தெரியும்.

#10 | கடைசிபெஞ்ச்

எனக்கு ஒரு புகார். நான் ஒரே படத்தை இரண்டு முறை காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். 'காட்டேரிக்கு ஓர் இரங்கற்பா' அமெரிக்காவில் வேறு பெயரில் வந்திருக்கிறது. அட்டையும் வேறு, பெயரும் வேறு. போட்டுப் பார்த்தால் அதே இரண்டு கோமாளிகள். கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

ஆனால் 1978இல் வந்த 'மரணத் திராட்சைகள்' எனக்குப் பிடித்தது. திராட்சைத் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பார்கள், அந்த ஒயினைக் குடித்தவர்கள் உடம்பு அழுகி வெறிபிடித்து அலைவார்கள். தப்பிப் பிழைக்கிற ஆண்கள் இருவர். காரணம், அவர்கள் பீர் குடிப்பவர்கள். பிரான்ஸில் இதைவிட அவதூறான வசனம் வேறு இருக்க முடியுமா?

#11 | பழையபடப்பெட்டி

பீர் விஷயத்தைக் கடைசிபெஞ்ச் கவனிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தப் படத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பிரான்ஸின் முதல் ரத்தக்களறிப் படம் என்று அதைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். செவென் மலைப் பகுதியில் கடுங்குளிரில் எடுத்தது. பாறையும் பனிமூட்டமும் கல் வீடுகளுமாக, ஊரே செத்துக் கிடப்பது போல இருக்கும். அமெரிக்க ஜோம்பிகளைப் போல இவர்கள் மூளையில்லாத பிணங்கள் அல்ல. தாங்கள் என்ன செய்கிறோம் என்று இவர்களுக்குத் தெரியும். அழுதுகொண்டே கொல்வார்கள். கண் தெரியாத ஒரு பெண் வருகிறாளே, அவள் கதி என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்குமேல் சொல்லமாட்டேன்.

இந்தப் படத்தில்தான் பிரிஜித் லாஹே வருகிறார். ஆபாசப் படங்களில் நடித்துக்கொண்டிருந்தவர். ரோலன் அவரிடம் ஒரு நடிகையைப் பார்த்தார். மறுவருடம், 1979இல் 'ஃபசினாசியோன்'. கதை 1905இல் நடக்கிறது. பணக்காரப் பெண்கள் கசாப்புக்கூடத்துக்குப் போய், ரத்தசோகைக்கு மருந்து என்று கோப்பையில் மாட்டு ரத்தம் குடிக்கிறார்கள். வெள்ளை உடை, சிவப்புத் தரை. ழான் லோரான் எழுதிய ஒரு சிறுகதையிலிருந்து பிடித்த சரடு அது. லாஹே கறுப்பு மேலங்கியோடு கையில் அரிவாள் ஏந்தி (நம் ஊர்க் கதிரறுக்கும் அரிவாள் அல்ல, ஆளுயரக் கம்பு வைத்தது) பாலத்தில் நடந்து வருவார். ரோலன் என்றாலே பத்திரிகைகள் இன்றைக்கும் அந்தப் படத்தைத்தான் போடுகின்றன.

அப்புறம் 1980, 'வேட்டையாடப்பட்டவர்களின் இரவு'. இதை யாரும் சொல்லவில்லை. கோட்டை கிடையாது, இடுகாடு கிடையாது. பாரிஸின் புது அடுக்குமாடிக் கோபுரங்கள், வெளிறிய அறைகள், குழல்விளக்கு. அணுக்கசிவால் நினைவிழந்தவர்களை ஒரு கோபுரத்தில் அடைத்துவைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு முன் பேசியது மறந்துவிடும். ஒரு தாய், தனக்குக் குழந்தை இருந்ததா, அதன் பெயர் என்ன என்று தேடிக்கொண்டிருப்பாள். ஆபாசப் படத்துக்கென்று ஒதுக்கிய சொற்பப் பணத்தை வைத்து, 'அதே காசில் ஒழுங்கான படம் எடுத்துத் தருகிறேன்' என்று தயாரிப்பாளரைச் சம்மதிக்க வைத்து எடுத்தது. நடிப்பு சுமார், பல இடங்களில் கரடுமுரடு. ஆனால் நினைவு போவதை இத்தனை எளிமையாகக் காட்டிய படம் நான் பார்த்ததில்லை. என் வீட்டில் வயதான ஒருவருக்கு மறதிநோய் வந்த பிறகு இரண்டாம் முறை பார்த்தேன். முழுதாகப் பார்க்க முடியவில்லை.

#12 | மட்டுறுத்துநர்

தரவிறக்கச் சுட்டிகள் கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். புதிதாக மெருகேற்றிய டிஸ்க்குகள் விற்பனையில் இருக்கின்றன, அங்கே போய்க் கேளுங்கள். விவாதம் நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.

#13 | வெட்டுஒட்டு

ஒரு சின்ன இடைச்செருகல். பிரெஞ்சு விமர்சகர்களுக்கு ரோலனைப் பிடிக்காமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். பேய்ப்படம் என்றால் இங்கிலாந்துக்காரன் எடுக்க வேண்டும், அமெரிக்காக்காரன் எடுக்க வேண்டும், இத்தாலிக்காரன்கூட எடுக்கலாம். பிரெஞ்சுக்காரன் எடுத்தால் அதில் ஒரு தத்துவமோ தரமோ இருக்க வேண்டும். ஜார்ஜ் ஃப்ரான்ஜு 1960இல் எடுத்த 'முகமில்லாத கண்கள்' அப்படித் தப்பித்தது. ஃப்ரான்ஜு பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகமான சினிமாதெக் ஃப்ரான்சேஸைத் தொடங்கியவர்களில் ஒருவர், மதிப்பு இருந்தது. ரோலனுக்கு அந்தக் கவசம் இல்லை. இத்தனைக்கும் இருவருக்கும் மூலம் ஒன்றுதான், லூயி ஃபுயாட் 1915-16இல் எடுத்த தொடர்படங்கள். கறுப்பு இறுக்க உடையில் கூரைமேல் ஓடும் பெண், ரகசியக் கூட்டம், பொய்க் கதவு. அடுத்த வாரம் என்ன ஆகும் என்பதுதான் அந்தப் படங்களின் தர்க்கம், 'ஏன்' என்று கேட்கக் கூடாது. ரோலனும் அப்படித்தான். செத்தவர் எழுந்தால் எழுந்ததுதான்.

#14 | அரைடிக்கெட்

அப்படியென்றால் 2000க்குப் பிறகு வந்த பிரெஞ்சு வன்முறைப் பேய்ப்படங்களுக்கெல்லாம் இவர்தான் அப்பாவா? பாஸ்கல் லோஜியே, அலெக்ஸாந்த்ர் அஜா எல்லாம்?

#15 | பழையபடப்பெட்டி

எனக்கு அப்படித் தெரியவில்லை தம்பி. அவர்கள் உடம்பு வலியைப் படம் எடுத்தார்கள். அஜாவுக்கு எழுபதுகளின் அமெரிக்கப் பேய்ப்படங்கள்தான் மூலம், பார்த்தாலே தெரியும். ரோலன் படத்தில் யாருக்கும் வலிக்கிறது என்றே தோன்றாது, எல்லோரும் கனவில் அடிபடுகிறார்கள். வாரிசு இல்லாத மனுஷன். அவரைக் காப்பாற்றியவர்கள்கூட வெளிநாட்டுக்காரர்கள்தான். தொண்ணூறுகளில் இங்கிலாந்தில் ஒரு சின்ன வீடியோ கம்பெனி அவர் படங்களை வெளியிட ஆரம்பித்த பிறகுதான் புது ரசிகர்கள் வந்தார்கள். 2007இல் மாண்ட்ரியலின் ஃபான்டாசியா விழா வாழ்நாள் சாதனைக்காகக் கௌரவித்தது.

#16 | சுடர்விழி

அரைடிக்கெட், நீங்கள் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன், 1982இல் வந்த 'உயிருள்ள பிணம்'. ரத்தம் தாராளமாக இருக்கும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

கோட்டையின் நிலவறைக் கல்லறையில் ரசாயனக் கழிவைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், லேசான நிலநடுக்கத்தில் அது கொட்டி, செத்துப்போன காத்ரின் எழுந்துவிடுகிறாள். சின்ன வயதுத் தோழி எலேன் அவளைக் கண்டுபிடிக்கிறாள். 'நீ முதலில் செத்தால் நானும் வருவேன்' என்று குழந்தையில் ரத்தத்தால் சத்தியம் செய்தவர்கள் இருவரும். உயிரோடிருக்க ரத்தம் வேண்டும் என்று தெரிந்ததும் எலேன் ஆட்களைக் கூட்டிவந்து கொடுக்கிறாள். இதில் யார் அரக்கி? பிணத்துக்கு மெல்ல மெல்ல மனசாட்சி திரும்பி வருகிறது, 'என்னைச் சாக விடு' என்று கெஞ்சுகிறது. உயிரோடிருப்பவள்தான் விடமாட்டேன் என்கிறாள். ஒரு நட்பு எந்த இடத்தில் சுயநலமாக மாறுகிறது என்று இத்தனை ரத்தத்துக்கு நடுவில் காட்டிவிடுகிறார். கடைசிக் காட்சியில், காத்ரினாக நடித்த ஃப்ரான்ஸ்வாஸ் ப்ளான்ஷார் அலறுகிற அலறலைக் கேட்ட பிறகு 'ரோலனின் நடிகர்களுக்கு நடிக்கத் தெரியாது' என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

#17 | கொட்டாவி_ரசிகன்

சரி, என் பங்குக்கு நான் வீட்டுப்பாடம் செய்துவிட்டேன். நேற்று ராத்திரி 'இரும்பு ரோஜா' பார்த்தேன். தூங்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வசனங்கள் இன்னமும் எரிச்சலாகத்தான் இருக்கின்றன. பாதிப் படத்தில் அவன் கத்திக்கொண்டே இருக்கிறான். ஆனால் இருட்டுவதற்கு முன்னால் ஒரு கோமாளி வந்து ஒரு கல்லறையில் பூ வைத்துவிட்டுப் போகிறாரே, அவர் யார், எதற்கு வந்தார் என்று யாருமே சொல்வதில்லை. காலையில் பல் தேய்க்கும்போது அந்தக் கோமாளி ஞாபகம் வந்தது. எரிச்சலாக இருந்தது, ஆனாலும் வந்தது.

அந்தக் கல்லறைத் தோட்டம் எங்கே இருக்கிறது?

#18 | பழையபடப்பெட்டி

ஆமியேன் நகரத்தில், லா மத்லேன் கல்லறைத் தோட்டம். எழுத்தாளர் ழூல் வேர்னைப் புதைத்திருப்பதும் அங்கேதான். கடலுக்கடியிலும் நிலவுக்கும் ஆட்களை அனுப்பியவர் படுத்திருக்கும் இடத்தில் இந்த இரண்டு பேருக்கு வாசலுக்குப் போக வழி தெரியவில்லை.

பூர்வில் பற்றியும் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 1882இல் ஓவியர் மோனே அங்கே தங்கி அந்தச் செங்குத்துப் பாறைகளைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். மாலைக்காட்சி கேட்டாரே, ஒரே இடத்துக்கு ஏன் போக வேண்டும் என்று. மோனேயிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. இரண்டாம் உலகப் போரில், 1942 ஆகஸ்ட் 19இல் தியெப் தாக்குதலின்போது கனடாப் படையினர் இறங்கிய கரைகளில் அதுவும் ஒன்று. ரோலன் கேமராவோடு போனபோது அது நடந்து 16 வருடம்தான் ஆகியிருந்தது.

#19 | மாலைக்காட்சி

பெட்டி அண்ணா, 1942 விஷயம் எனக்குத் தெரியாது. இனி அந்தக் கூழாங்கற்களை முன்பு மாதிரிப் பார்க்க முடியாது.

அந்த 1958 குறும்படத்தின் தலைப்பு கவிஞர் திரிஸ்தான் கோர்பியேரின் தொகுப்பிலிருந்து எடுத்தது. பிரெத்தாஞ் கடற்கரைக்காரர், ஒரே ஒரு புத்தகம், அது 1873இல் வந்தது, இரண்டு வருடத்தில் 29 வயதில் இறந்துவிட்டார். 'இரும்பு ரோஜா'வில் கல்யாண விருந்தில் நாயகன் எழுந்து ஒரு கவிதை சொல்கிறானே, அதுவும் கோர்பியேர்தான். 20 வயதில் பிடித்த கவிஞரை 34 வயதிலும் விடவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் எழுத்தாளர் மார்கெரித் த்யுராஸ் வசனம் எழுத ஒரு முழுநீளப் படத்தைத் தொடங்கி, அது பாதியில் நின்றுபோயிருக்கிறது. அதன் பெயரே 'கடல்வழிப் பயணம்'. அது முடிந்திருந்தால் இவர் காட்டேரிப் பக்கமே வந்திருக்கமாட்டாரோ என்று சில ராத்திரி யோசிப்பதுண்டு.

பிற்காலத்தில் உடம்பு ஒத்துழைக்கவில்லை, சிறுநீரகக் கோளாறு. டயாலிசிஸ் செய்துகொண்டேதான் 1997இல் தன் சொந்த நாவலை 'இரண்டு அநாதைக் காட்டேரிகள்' என்று படமாக்கினார். பகலில் கண் தெரியாத, இரவில் மட்டும் பார்க்கிற இரண்டு சிறுமிகள். 'டிராகுலாவின் மணமகள்' படத்தில் ஒரு பழைய நிலைக் கடிகாரத்துக்குள் நுழைந்தால் மறுபக்கம் பூர்வில் கடற்கரை. 'இரங்கற்பா' அல்லாமல் 1971இல் வந்த இன்னொரு காட்டேரிப் படத்தில் நள்ளிரவில் கடிகாரத்திலிருந்து காட்டேரி வெளியே வந்தாளே, அதே மாதிரிக் கடிகாரம். முப்பது வருடம் கழித்து அதைக் கதவாக்கிவிட்டார்.

கடைசிப் படம் 'மெடூசாவின் முகமூடி'. மெடூசாவாக நடித்தது அவருடைய மனைவி சிமோன். முதலில் ஒரு மணி நேரத்துக்குத்தான் எடுத்தார். ஒரு முறை திரையிட்டுப் பார்த்த பிறகு, இரண்டாம் பாகமாக இன்னும் கொஞ்சம் எடுத்து ஒட்டி முழுநீளமாக்கினார். 1968இல் குறும்படத்தோடு இரண்டாம் பாகத்தை ஒட்டியது போலவே. அதில் ஒரு பகுதி பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் எடுத்தது. 2010இல் இறந்தபோது அவரையும் அங்கேதான் புதைத்தார்கள்.

#20 | கடைசிபெஞ்ச்

லொகேஷன் பார்க்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார் என்று சொல்லுங்கள்.

(தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவருக்கே இது பிடித்திருக்கும்.)

#21 | அரைடிக்கெட்

சுடர்விழி அக்கா, 'உயிருள்ள பிணம்' பார்த்துவிட்டேன். கடைசி அலறல்... தங்கச்சி எழுந்து வந்து டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டாள். அடுத்து 'ரத்த உதடுகள்' பார்க்கலாமா, 'ஃபசினாசியோன்' பார்க்கலாமா?

#22 | சுடர்விழி

'ரத்த உதடுகள்'. ராத்திரி தனியாக. தங்கச்சியைத் தூங்க வைத்துவிட்டு.

#23 | கொட்டாவி_ரசிகன்

நானும் அதையே போட்டுவிட்டேன். நடுவில் இருபது நிமிடம் கண் அசந்தது, மறைக்கவில்லை. முழித்தபோது கடற்கரை வந்திருந்தது. மரக் கம்பங்கள், அலை, சவப்பெட்டி. நடுவில் என்ன நடந்தது என்று தெரியாமலே கடைசிவரை பார்த்தேன். பின்னால் ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.